நாற்பதுக்கு மேல் லாரி ஓட்டப் போகிறவர்களுக்கு: பத்தடியிலிருந்து டிரெய்லர் வரை

அலுவலக வேலை போய்விட்டது, கடையை மூடியாயிற்று, தொழிற்சாலை இடம் மாறிவிட்டது. இப்படி நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் வேறு வேலை தேட நேர்ந்தவர்களில் பலருக்கு லாரி நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் இது நல்ல யோசனைதான். உழைப்புக்குக் கூலி உண்டு, நிதானமான ஆளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். கையிலுள்ள சேமிப்பைப் போட்டு முதலில் கிளாஸ் 4 உரிமம் எடுக்கிறார்கள், பிறகு வேலை தேடுகிறார்கள். நிறுவனமும் அதன் காப்புறுதியும் கேட்பது அனுபவத்தை. அது இல்லாததால் உரிமம் பணப்பையிலேயே கிடக்கிறது. கையிலுள்ள கிளாஸ் 3 உரிமத்தோடு சிறிய லாரியில் ஏறி, சம்பளம் வாங்கிக்கொண்டே மேலே போவதுதான் சரியான வரிசை. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது. சிங்கப்பூர்க் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் இரண்டு எடைகள்

எந்த லாரியின் அருகிலும் போய் நின்று பாருங்கள். கதவிலோ பக்கவாட்டிலோ இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று யு.எல்.டபிள்யூ., அதாவது சுமை இல்லாத வெறும் வண்டியின் எடை. மற்றொன்று எம்.எல்.டபிள்யூ., சுமையோடு சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். எந்த உரிமம் வேண்டும் என்பதை வெறும் எடை முடிவு செய்கிறது. எவ்வளவு வேகத்தில் போகலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை உச்ச எடை முடிவு செய்கிறது.

வெறும் எடை 2,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை கிளாஸ் 3 உரிமத்தில் ஓட்டலாம். பத்தடி லாரி (அடிக்கணக்கு சரக்குத் தளத்தின் நீளம்) எல்லாம் இதில் அடங்கும், பதினாலடி லாரிகளிலும் பல அடங்கும். அதைத் தாண்டினால் கிளாஸ் 4. இருபத்து நாலடி லாரி, டிப்பர், டிரெய்லரை இழுக்கும் சுமார் 7 டன் எடையுள்ள பிரைம் மூவர் எல்லாம் இந்த வகை. வெறும் எடை 7,250 கிலோவைத் தாண்டி, தன் முதுகில் சுமை ஏற்றாத வாகனங்களுக்கு கிளாஸ் 5 வேண்டும். பின்னால் இரட்டை அச்சு கொண்ட பெரிய பிரைம் மூவர்களும் மொபைல் கிரேன்களும் இப்படிப்பட்டவை.

பதினாலடி லாரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதே மாதிரி வண்டிதான், ஆனால் பின்னால் சரக்கை ஏற்றி இறக்கும் டெயில் லிஃப்ட் பொருத்தியிருக்கும், அல்லது பெட்டி குளிரூட்டப்பட்டதாக இருக்கும். அந்தக் கூடுதல் எடையில் 2,500 கிலோ தாண்டிவிடும். "நேற்று ஓட்டிய வண்டி மாதிரிதானே" என்று சாவியை வாங்கினால், அன்று நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறவர். அந்தக் குற்றத்துக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிரித்துவிடும். வண்டி மாறும் ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கும் எண்ணைப் படித்த பிறகே ஏறுங்கள். வேலை கொடுப்பவர் அவசரப்படுத்தினாலும் படியுங்கள்.

உங்களிடம் இருப்பது 3ஏ என்றால் ஆட்டோ கியர் வண்டியை மட்டுமே ஓட்ட முடியும். லாரிகளில் மேனுவல் இன்னும் நிறைய இருக்கிறது. முதலில் மேனுவல் கிளாஸ் 3க்கு மாறிக்கொண்டால் வேலை வாய்ப்பு விரியும்.

உடம்பு ஒத்துழைக்குமா

பணம் கட்டுவதற்கு முன் பாலிகிளினிக்கில் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் பார்வை, நிறக்குருடு இவற்றை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். மறந்துபோவது தூக்கம். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், காலையில் எழுந்தும் களைப்புத் தீரவில்லை, மதியம் உட்கார்ந்த இடத்தில் கண் அசருகிறது என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருக்கக்கூடும். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் 30 டன் வண்டியை ஓட்டுவது உங்களுக்கும் ஆபத்து, பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கும் ஆபத்து.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கிடங்கு வாசலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பது இந்த வேலையில் சாதாரணம். இனிப்பு மிட்டாயும் பிஸ்கட்டும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், பின்பெட்டியில் வேண்டாம். கழிவறை கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் அதிகம். சிறுநீரகக் கல்லும் தலைவலியும் அப்படித்தான் வருகின்றன.

முழங்காலுக்கு ஒரு எச்சரிக்கை. கேபினிலிருந்து குதிக்காதீர்கள். ஏறும்போது எப்படி ஏறினீர்களோ அப்படியே வண்டியைப் பார்த்தபடி, கைகளும் கால்களுமாக எப்போதும் மூன்று இடங்களில் பிடிப்பு இருக்கும்படி இறங்குங்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை ஏறி இறங்கும் வேலை இது. ஐம்பது வயது முழங்கால் அத்தனை குதிப்பைத் தாங்காது.

குறிப்பிட்ட வயதை எட்டும்போது கனரக உரிமம் தொடர மருத்துவப் பரிசோதனை கட்டாயம். வேலை ஓய்வு வயது 2026 ஜூலை 1 முதல் 64, மறுவேலைவாய்ப்பு வயது 69. ஐம்பதில் தொடங்கினாலும் பதினைந்து ஆண்டுக்கு மேல் உழைக்க இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு: பத்தடி, பதினாலடி

மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் கிளாஸ் 3 டெலிவரி டிரைவர் வேலைகளைத் தேடுங்கள். கூட உதவிக்கு அட்டெண்டன்ட் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை இடம், தனிச் சுமையின் எடை எவ்வளவு என்று கேளுங்கள். அரிசி மூட்டையும் பானப் பெட்டியும் தூக்கும் வேலை வேறு, சரக்கு அடுக்கிய பேலட்டை ஃபோர்க்லிஃப்ட்டில் ஏற்றி இறக்கும் வேலை வேறு. இடுப்பு வலி உள்ளவர்கள் இரண்டாவதைத் தேட வேண்டும்.

இந்த ஓராண்டில் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, சுமை கட்டுவது. ராட்செட் பெல்ட்டை இறுக்கி, சிறிது தூரம் போனதும் ஓரமாக நிறுத்தி மறுபடி பாருங்கள். சுமை குலுங்கி அமர்ந்ததும் பெல்ட் தளர்ந்திருக்கும். நார் அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுப் பயன்படுத்தக் கூடாது, முடிச்சு விழுந்த இடத்தில் அதன் வலு பாதியாகிவிடும். இரண்டு, பின்னால் எடுப்பது. கண்ணாடியில் தெரியாத இடம் இருந்தால் இறங்கிப் பாருங்கள். கிடங்குக் காவலரையோ ஸ்டோர்மேனையோ பார்த்து, "அண்ணே, கொஞ்சம் பின்னாடி நின்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம். வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியாமல் போன அந்த நொடியில் வண்டி நிற்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிளாஸ் 4: கார்ப் பழக்கத்தை மறப்பது

21 வயது நிரம்பி கிளாஸ் 3 உரிமம் இருக்க வேண்டும். ஊபி, புக்கிட் பாத்தோக், உட்லண்ட்ஸ் பயிற்சி நிலையங்களில் எங்கே எந்தக் கனரக வகுப்பு நடக்கிறது, தேர்வுத் தேதி எப்போது கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். காத்திருக்கும் காலம் நிலையத்துக்கு நிலையம் மாறும். கட்டணத்துக்கு என்.டி.யூ.சி. தொழிற்சங்க உதவியோ நிறுவனத்தின் ஆதரவோ கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள், கட்டிய பிறகு கேட்டால் பயன் இல்லை. நீங்கள் ஏற்கெனவே கிளாஸ் 3 லாரி ஓட்டும் நிறுவனமே கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் நல்லது. அப்படியானால் எத்தனை மாதம் அங்கே கட்டாயம் வேலை செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இருபது ஆண்டு கார் ஓட்டியவர்கள் இந்தத் தேர்வில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காரில் முன்சக்கரம் உங்களுக்கு முன்னால் இருக்கிறது. லாரியில் நீங்கள் முன்சக்கரத்தின் மேலேயே, சில வண்டிகளில் அதற்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். காரில் திருப்பும் இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறிவிடும். ஓரக்கல்லில் உரசினால் 10 புள்ளி, மேலே ஏறினால் அந்த இடத்திலேயே தேர்வு முடிந்தது. மொத்தம் 18 புள்ளி வரைதான் அனுமதி. உங்கள் தோள் மூலையைத் தாண்டிய பிறகு திருப்புங்கள். இடப்பக்கம் திருப்பும்போது இடது கண்ணாடியில் பின்சக்கரத்தையும், வலது கண்ணாடியில் எதிர்ப்பக்கம் வீசும் வண்டியின் வாலையும் மாறி மாறிப் பாருங்கள். வால் வீச்சைப் பலர் மறந்துவிடுவார்கள், பக்கத்துத் தடத்தில் நிற்கும் காரின் கண்ணாடி அதில்தான் போகும்.

ஏர் பிரேக்கும் புதிது. காற்று போதவில்லை என்றால் எச்சரிக்கை ஒலி கத்தும். அது அடங்கும் வரை வண்டியை நகர்த்தக் கூடாது. பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கால் பிடிக்கிறது, காற்றுதான் அதை விடுவிக்கிறது. அதனால் காற்றுக் கசிந்தால் வண்டி நகர மறுக்கும், ஓடும்போது கசிந்தால் பிரேக் தானாகப் பிடித்து நடுச்சாலையில் நிறுத்திவிடும். தினமும் காலையில் எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்துப் பிடித்து காற்றழுத்த முள்ளைப் பாருங்கள், காதால் கேளுங்கள். முள் இறங்கிக்கொண்டே இருந்தாலோ உஸ்ஸென்ற சத்தம் கேட்டாலோ வண்டியை எடுக்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் காற்றுத் தொட்டியில் தண்ணீர் சேரும், வடிகால் வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள்.

டிரெய்லரை மாட்டுவது

டிரெய்லர் ஓட்டுவதைப் பெரும்பாலும் வேலையில் சேர்ந்துதான் கற்றுக்கொள்வார்கள். வண்டிகளை நிறுத்தும் யார்டில் ஒரு மூத்த ஓட்டுநருடன் இரண்டு வாரமாவது உட்கார விடும் நிறுவனமாகப் பாருங்கள். "ரெண்டு நாள் போதும், பழகிடுவீங்க" என்று சொல்லும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது. ஓட்டுவதைவிட மாட்டுவதில்தான் பெரிய விபத்துகள் பிறக்கின்றன. ஒவ்வொரு முறையும் இதே வரிசையில் செய்யுங்கள்:

1. டிரெய்லரின் பிரேக் பிடித்திருக்கிறதா, அதன் முன்பக்கத்தைத் தாங்கும் லேண்டிங் கால்கள் கெட்டியான தரையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். மண் தரையில் கால் புதையும், அடியில் பலகை வைத்திருக்க வேண்டும்.
2. உயரத்தைப் பாருங்கள். டிரெய்லரின் அடித்தட்டு, பிரைம் மூவரின் ஃபிஃப்த் வீல் என்ற இணைப்புத் தட்டைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும், உள்ளே போகும்போது லேசாகத் தூக்கப்பட வேண்டும். டிரெய்லர் உயரமாக இருந்தால், அதன் அடியில் நீட்டியிருக்கும் கிங் பின் அந்தத் தட்டின் கொக்கிக்கு மேலாகத் தாண்டிப் போய் கேபினின் பின்புறத்தை இடிக்கும்.
3. நேராக, மெதுவாகப் பின்னால் எடுங்கள். பூட்டும் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள்.
4. டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே கீழ் கியரில் முன்னால் லேசாக இழுத்துப் பாருங்கள்.
5. இறங்கி, டார்ச் அடித்து, கண்ணால் பாருங்கள். கொக்கியின் தாடை கிங் பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்கிறதா, இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாமல் இருக்கிறதா, கைப்பிடி முழுதாக உள்ளே போயிருக்கிறதா, பாதுகாப்புக் கொக்கி மாட்டியிருக்கிறதா. சத்தம் கேட்டது என்பது சான்று ஆகாது. தாடை பாதி மூடினாலும் சத்தம் வரும், இழுப்பையும் சில நேரம் தாங்கும். பிறகு முதல் வளைவில் கழன்றுவிடும்.
6. காற்றுக் குழாய்களை மாட்டுங்கள். சிவப்புச் சிவப்புக்கு, மஞ்சள் மஞ்சளுக்கு. மாற்றி மாட்டினால் டிரெய்லர் பிரேக் சரியாக விடாது. அடுத்து 24 வோல்ட் மின்கம்பி.
7. லேண்டிங் கால்களை முழுதாக மேலே ஏற்றி, கைப்பிடியை மடக்குங்கள். அதை மறந்து கிளம்பினால் முதல் மேட்டிலேயே கால் உடையும்.
8. கொள்கலன் இருந்தால் அதை டிரெய்லரோடு பிணைக்கும் நான்கு மூலை ட்விஸ்ட் லாக்கும் பூட்டியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கடைசியாக விளக்கு, டயர், பிரேக் விளக்கு எல்லாம் சுற்றி வந்து பாருங்கள்.

கழற்றும்போது முதலில் பிரேக், பிறகு கால்களை இறக்குவது, பிறகு குழாய்களும் கம்பியும், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கைப்பிடியை இழுப்பது. நடுவில் தொலைபேசி வந்தால் எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டால் முதல் படியிலிருந்து மறுபடி பாருங்கள். குழாயோடு வண்டியை இழுத்துக் கிழித்தவர்களுக்கு அநேகமாக நடுவில் யாரோ பேச்சுக் கொடுத்திருப்பார்கள்.

சக்கரம் மாற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

பெட்டியின் எடையும் சாலையும்

20 அடிக் கொள்கலன் சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். 20 அடிக்கும் 40 அடிக்கும் மொத்த எடை 30 டன்னையும் தாண்டலாம். அதே எடை பாதி நீளத்தில் உட்கார்ந்திருக்கும்போது வளைவில் கவிழும் வாய்ப்பு அதிகம். அதைவிட மோசமானது ஃப்ளெக்ஸிடேங்க். 20 அடிப் பெட்டிக்குள் 24,000 லிட்டர் வரை எண்ணெயோ திரவமோ ஒரே பையில் இருக்கும். நீங்கள் திரும்பி முடித்த பிறகும் திரவம் உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவுப் பாதைகளில் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய் பிரேக் பிடிப்பது தாமதம்.

உச்ச எடை 3,500 கிலோவைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு விரைவுச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர்தான். 12,000 கிலோவைத் தாண்டியவற்றில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே பொருத்தியிருக்கும். 2026 ஜனவரி 1 முதல் வேகமீறலுக்கான அபராதமும் புள்ளிகளும் கூடியிருக்கின்றன. இடது தடத்திலேயே இருங்கள். 60இல் போகும்போது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறீர்கள், மழையில் நான்கு நொடி இடைவெளி விடுங்கள். காரோட்டி அந்த இடைவெளிக்குள் புகுந்தால் கோபப்படாமல் மறுபடி நான்கு நொடி விடுங்கள்.

உயரம் 4.5 மீட்டரைத் தாண்டினால் அனுமதியும் வழித்துணை வாகனமும் இல்லாமல் நகரக் கூடாது. லாரியில் எக்ஸ்கவேட்டரோ கிரேனோ ஏற்றும்போது கையை மடக்கிய பிறகு அளவு நாடாவால் அளந்து பாருங்கள். மேம்பாலத்தை இடித்தவர்கள் கண்மதிப்பை நம்பியவர்கள்.

இடதுபுறம் திரும்பும்போது டிரெய்லர் உள்பக்கமாக வெட்டும். அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் நுழையும். விளக்கில் நிற்கும்போதே இடது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். விளக்கு பச்சையான பிறகு பார்த்தால் பிந்திவிட்டீர்கள்.

துறைமுகம்

துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறந்தது. கெப்பல், பிரானி முனையங்கள் 2027க்குள் அங்கே மாறுகின்றன. ஆகவே வேலையின் மையம் மேற்கே நகர்கிறது. நீங்கள் தெம்பனிஸிலோ பாசிர் ரிஸ்ஸிலோ குடியிருந்தால், விடியற்காலை 4 மணிக்குத் துவாஸ் யார்டுக்கு எப்படிப் போவீர்கள் என்பதை வேலையை ஏற்பதற்கு முன் யோசியுங்கள். அந்த நேரத்தில் எம்.ஆர்.டி. இல்லை. உச்ச எடை 5,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் நிறுத்தவும் முடியாது. அதற்கென நிறுத்துமிடச் சான்று பெற்ற கனரக நிறுத்துமிடம் இருக்கும், அது வீட்டிலிருந்து தூரமாக இருக்கலாம்.

வாயிலில் நுழைய முன்பதிவும் துறைமுக அனுமதி அட்டையும் வேண்டும். பெட்டி எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள், ஒரு டிரிப் போய்விடும். கிளம்புவதற்கு முன் தாளிலுள்ள எண்ணையும் பெட்டியின் கதவில் உள்ள எண்ணையும் சத்தமாகப் படித்து ஒப்பிடுங்கள். சீல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பார்க்காமல் சீலை வெட்ட வேண்டாம். கதவைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள், உள்ளே சரிந்த சரக்கு கதவில் சாய்ந்திருக்கலாம்.

சம்பளம்

லாரி ஓட்டுநர் வேலைநியமனச் சட்டத்தின்படி உடலுழைப்புத் தொழிலாளி. அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை இருந்தால் வாரம் 44 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கிடைக்க வேண்டும். மிகைநேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி, மாதத்தில் மிகைநேரம் 72 மணி என்பது வரம்பு. "எல்லாம் டிரிப் காசுல அடங்கிடும்" என்று யாராவது சொன்னால், அடிப்படை எவ்வளவு, டிரிப்புக்கு எவ்வளவு, காத்திருக்கும் நேரத்துக்கு என்ன என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். டிரிப் காசு மட்டும் பெரிதாக இருந்தால், வேலை குறைந்த மாதம் கையில் ஒன்றும் நிற்காது. மத்திய சேமநிதிச் சந்தா விகிதம் 55க்குப் பிறகு குறைகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்களில் ஓட்டுநர்களுக்கு 2023 மார்ச் 1 முதல் தொழில்சார் படிப்படியான சம்பள முறை நடப்பில் இருக்கிறது. அந்தக் குறைந்தபட்சத் தொகையை மனிதவள அமைச்சின் தளத்தில் பார்த்துவிட்டுப் பேச்சுக்குப் போங்கள்.

வண்டி உரசிவிட்டால் முழுச் செலவையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. விசாரித்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. வேலையில் அடிபட்டால் வேலைக் காயம் இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

லாரி கிரேன் சான்றிதழும் ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழும் எடுத்தால் கேட்கும் சம்பளம் உயரும். எரிபொருளும் எரியக்கூடிய பொருள்களும் ஏற்ற, குடிமைத் தற்காப்புப் படையின் ஆபத்துப் பொருள் ஓட்டுநர் அனுமதி வேண்டும். இவற்றை இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு எடுத்தால் போதும், முதலில் வண்டி கைக்கு வரட்டும்.

டிரிப் தாளை நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், வாயிலில் காத்திருந்த நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். சம்பளத்தில் தகராறு வந்தால் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் போகலாம். வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே அவர்கள் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.